வகை: வயதுவந்தோருக்கு மட்டும்

05.08.2025, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. உட்கார்ந்து எழுதுமளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடப்பதில்லை. காலையில் புங்குடுதீவு இறுப்பிட்டியிலிருந்து பஸ், வங்களாவடிச் சந்தியில் மாறி ஊர்காவற்றுறைக்கு இன்னொரு பஸ், அங்கே அரசாங்கக் கந்தோரில் வேலை, பின்னேரம் அதே வழியால் வீடு. ஆனால் எரிச்சலை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் சத்தம் போடும் உரிமை அம்மாவுக்கு மட்டும்தான். அப்பா கோவில் குருக்கள். அவருக்கு முன்னால் யாரும் குரல் உயர்த்துவதில்லை. கந்தோரில் நான் இரண்டு வசனம் சேர்த்துச் சொன்னால், "பைரவி கதைக்குது!" என்று திரும்பிப் பார்க்கிறார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

இன்றைய எரிச்சல்: கந்தோருக்கு இணைய வடிகட்டி வந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து சுஜிதன் என்ற தொழில்நுட்பப் பெடியன் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் வைத்தான். "உலகத்தில இருக்கிற வெப்சைற் எல்லாத்தையும் ஒரு கொம்பனி வகை வகையாப் பிரிச்சு வைச்சிருக்கு. செய்தி, சமயம், விளையாட்டு, சூதாட்டம், மதுபானம், ஆயுதம், வயதுவந்தோர்... உங்களுக்கு எது வேண்டாமோ அதுக்குப் புள்ளடி போட்டால் சரி" என்றான். எங்கள் பொறுப்பதிகாரி பரராசசிங்கம் சேர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு "வேண்டாம், வேண்டாம், அது அறவே வேண்டாம்" என்று சொல்லச் சொல்ல அவன் புள்ளடி போட்டான்.

பக்கத்து மேசை அனோஜினி அக்கா எட்டிப் பார்த்தா. "தம்பி, சாறி விக்கிற சைற் என்ன வகை?"

"கொள்வனவு அக்கா."

"அதுக்குமோ புள்ளடி?"

"முதல் புள்ளடியே அதுக்குத்தான்."

"அப்ப இனி நான் கந்தோருக்கு என்னத்துக்கு வாறது?"

07.08, வியாழன்

வேலணைச் சனசமூக நிலையத்தில் வகுப்பு. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு வியாழன்தோறும் கணினி சொல்லிக்கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. எனக்கே விளங்காத ஒன்று: அந்த இரண்டு மணித்தியாலமும் நான் கூச்சமில்லாமல் கதைக்கிறேன். கை ஆட்டுகிறேன். பகிடி கூட விடுகிறேன். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் கடைசி வரிசை வாங்கில் இருந்து, பேர் கூப்பிட்டால் மட்டும் வாய் திறந்தவள் நான்.

கந்தோர் மடிகணினிகளிலும் அதே வடிகட்டிதான். கஜனி என்ற பிள்ளை நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றி ஒரு பக்கம் தயாரிக்கிறாள். தகவல் தேடினால் சிவப்புத் திரை. தடுக்கப்பட்டது. வகை: சூதாட்டம்.

குதிரை என்றால் பந்தயமாம். நெடுந்தீவில் குதிரைகள் குடிக்கத் தண்ணீர் தேடி அலைகின்றன. எந்தக் குதிரை முதலில் கிணற்றடிக்குப் போகும் என்றா பணம் கட்டுவது?

11.08, திங்கள்

கள் இறக்குவோர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று கருப்பட்டிப் பயிற்சிக்கு உதவி கேட்டிருக்கிறது. அவர்களுடைய தளத்தைப் பார்த்துக் குறிப்பெழுதச் சொல்லியிருந்தார் சேர். சிவப்புத் திரை.

"ஏன் இன்னும் முடிக்கேல்லை?" என்று கேட்டார்.

"மதுபானம் சேர்" என்றேன்.

"கந்தோரிலயோ?"

அனோஜினி அக்கா மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தா. நான் விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள் சேர் போய்விட்டார். அவருடைய கிரிக்கெட் தளம் மட்டும் தடையில்லாமல் திறக்கிறது. அதன் நாலு பக்கமும் "பந்தயம் கட்டு, வெல்லு" என்று விளம்பரம் மின்னுகிறது. அது 'விளையாட்டு'.

12.08, செவ்வாய்

இது சிரிக்கக்கூடிய விஷயமில்லை.

எங்கள் ஆலடி முருகன் கோவிலுக்குப் போன வருடம் நான்தான் ஒரு இணையத்தளம் செய்து கொடுத்தேன். ஊரில் பாதிப் பேர் ரொறன்ரோவிலும் பாரிஸிலும். அவர்களுக்குத் திருவிழாப் படம் பார்க்கவேண்டும், தங்கள் உபயம் எந்த நாள் என்று தெரியவேண்டும். முழுக்கத் தமிழில், எல்லாம் நானே படித்துப் படித்துச் செய்தது. ஊரில் என்னை யாராவது பாராட்டியிருந்தால் அதற்காக மட்டும்தான்.

மதியம் கோவில் செயலாளர் இராசநாயகம் அங்கிள் போன் எடுத்தார். "பிள்ளை, எட்டாம் திருவிழாப் படம் ஏத்தினனீரோ? ரொறன்ரோக்காரர் என்னைத் தின்னினம்."

இந்த வருடத் திருவிழாப் படங்கள் எல்லாவற்றையும் போன கிழமையே ஏற்றிவிட்டேன். சரிபார்த்துச் சொல்வோமென்று கந்தோர்க் கணினியில் திறந்தேன்.

தடுக்கப்பட்டது. வகை: வயதுவந்தோர் — நிர்வாணம்.

ஏதோ பிழை என்று மூடித் திறந்தேன். திரும்பவும் மூடித் திறந்தேன். வேறு கணினியில் என் பெயரைக் கொடுத்து நுழைந்து பார்த்தேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. யாராவது கள்ளமாக உள்ளே புகுந்து படம் கிடம் போட்டுவிட்டார்களோ? போனில் என்னுடைய டேற்றாவில் திறந்தால் வழக்கம்போல் முருகன், மயில், கொடிமரம்.

எங்கள் முருகனுக்கு என்ன வந்தது?

13.08

இன்றும் அதே சிவப்பு. யாரிடம் கேட்பது? அந்தச் சொல்லை எப்படி வாயால் சொல்லிக் கேட்பது?

19.08, செவ்வாய்

கடைசியில் சுஜிதனுக்கு எடுத்தேன். வெளியே வந்து, இறங்குதுறைப் பக்கம் யாருமில்லாத இடமாகப் பார்த்து நின்று.

வகை பிரிக்கிறது மனிதரில்லையாம். அந்தக் கொம்பனியின் இயந்திரம் ஒவ்வொரு தளமாகப் போய் அங்குள்ள சொற்களைப் பார்க்குமாம், எந்தத் தளத்தோடு தொடுப்பு என்று பார்க்குமாம், படங்களைப் பார்க்குமாம். எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டி, எந்தப் பெட்டிக்குள் அதிகம் விழுகிறதோ அந்தப் பெட்டி. ஒரு பக்கம் விழுந்தால் முழுத் தளமும் விழும்.

"உங்கட சைற் தமிழ்தானே அக்கா. அந்த மெசினுக்குத் தமிழ் பெரிசா விளங்காது. எழுத்து விளங்காட்டி படத்தை வைச்சுத்தான் முடிவெடுக்கும். படத்தில என்ன இருக்கு?"

"சாமி."

"சாமியை ஆர் தூக்கினம்?"

"ஆக்கள்."

"ஆக்கள் என்ன உடுத்தியிருக்கினம்?"

"வேட்டி."

"மேல?"

யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"மேல அக்கா?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து எடுக்கவேண்டியிருந்தது.

கோவில் வாசலில் பலகையே இருக்கிறது: ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும். பிறந்த நாளிலிருந்து பார்க்கிறேன். படம் எடுத்த அம்புறோஸ் அண்ணை வேதக்காரர், மாதா கோவில் ஆள். அவரும் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் எடுத்தார். தேங்காய் உடைக்கிறவர், சாமி தூக்குகிறவர், மேளகாரர், அப்பா. ஒருத்தருக்கும் சட்டை இல்லை. நாற்பது படமும் தோல்!

"கொம்பனிக்கு எழுதிப்போடுங்கோ, மாத்துவாங்கள்" என்றான் சுஜிதன். எழுதவேண்டும். எழுத வெட்கமாயிருக்கிறது. கந்தோரில் திறக்காவிட்டால் என்ன, வீட்டில் திறக்கிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

02.09, செவ்வாய்

மாதக் கூட்டம்.

பரராசசிங்கம் சேர் கடைசியாக, தாளை மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு சொன்னார்: "யாழ்ப்பாணத்தில இருந்து மாத ரிப்போட் வந்திருக்கு. கந்தோர் நேரத்தில, அரசாங்க நெற்றில, எங்கட உத்தியோகத்தர் ஒராள் பார்க்கக்கூடாத படங்களை இருநூறு தரத்துக்கு மேல திறக்கப் பார்த்திருக்கிறா. நான் பேர் சொல்லமாட்டன். ஒரு பெண்பிள்ளை. படிச்ச பிள்ளை. இதோட நிப்பாட்டவேணும்."

எங்கள் கந்தோரில் பெண்கள் இரண்டு பேர். அனோஜினி அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. அவவை யாரும் பெண்பிள்ளை என்று சொல்வதில்லை.

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த நிருபன் கதிரையைக் கொஞ்சம் தள்ளி அரக்கினார். கொஞ்சம்தான். எனக்குத் தெரிந்தது.

எழும்பிச் சொல்லியிருக்கலாம். "சேர், அது கோவில்." மூன்று சொல்.

இருநூறு எப்படி வந்தது என்று பஸ்ஸில்தான் விளங்கிற்று. ஒரு பக்கத்தில் நாற்பது படம் இருந்தால், பக்கத்தை ஒருமுறை திறப்பது நாற்பது முயற்சியாகப் பதிவாகும். நான் ஐந்தாறு தரம் திறந்தேன். தடுக்கிறதா என்று பார்க்கத் திறந்ததெல்லாம், பார்க்க ஆசைப்பட்டுத் திறந்ததாக எழுதப்பட்டிருக்கிறது.

03.09

ஒண்டும் எழுத ஏலாது. விசர் பிடிக்குது.

04.09, வியாழன்

வகுப்புக்குப் போக மடிகணினிப் பையை எடுத்தேன். நிருபன் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "சேர் இனி வகுப்பை என்னை எடுக்கச் சொன்னவர்... கொஞ்ச நாளைக்காம்" என்றார். பையைக் கொடுத்தேன்.

பிறகு துணிந்து சேரின் அறைக்குப் போனேன். "சேர், அது எங்கட கோவில் வெப்சைற்—"

கையைத் தூக்கினார். "விளக்கம் வேண்டாம் பிள்ளை. வயசு அப்பிடி. நான் பெரிசுபடுத்தேல்லையே? ஐயாவின்ர முகத்துக்காகத்தான் மேலிடத்துக்கு எழுதாமல் விட்டனான். பெண்பிள்ளையளைப் படிப்பிக்கிற இடத்தில மட்டும் நீர் இப்ப நிக்கிறது சரியில்லை."

ஐயா என்றது அப்பாவை. சேரும் புங்குடுதீவுதான். எங்கள் கோவிலில் எட்டாம் திருவிழா அவர்களுடைய உபயம். அப்பாவின் கையால் விபூதி வாங்கி நெற்றி நிறையப் பூசுகிறவர். அப்பாவுக்காக என்னை மன்னித்துவிட்டாராம்! செய்யாத ஒன்றுக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, "சரி சேர்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஏன் சொன்னனான்? "சரி சேர்." என்ன சரி?

08.09, திங்கள்

நான் வர முந்தியே கதை வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா குசினிக்குள் பாத்திரங்களை அடித்துக்கொண்டு நின்றா.

"என்னடி பைரவி, நீ கந்தோரில என்னவோ படம் பார்த்தனியாம்? குழாயடியில வைச்சு என்னட்டைக் கேக்கிறாளவை. படிக்க விட்டதுக்கு இதுவோ?"

"அம்மா, அது அப்பான்ர படம்."

"என்ன?"

"திருவிழாப் படம். சட்டை இல்லையெண்டு கொம்பியூட்டர் பிழையா விளங்கிப்போட்டுது."

அம்மா ஒரு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கீழே குந்திவிட்டா. "இதை நான் அவளவைக்கு எப்பிடிச் சொல்லுறது?"

அதுதான். எப்படிச் சொன்னாலும் நம்பமுடியாத சாட்டு மாதிரித்தான் இருக்கிறது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை இப்போது காலியாக வருகிறது. என் கற்பனையோ? இருக்கலாம். ஆனால் இந்தப் பஸ்ஸில் இருக்கை காலியாக வந்து நான் பார்த்ததில்லை.

10.09, புதன்

கொம்பனிக்கு எழுதினேன். அவர்களுடைய தளத்தில் எந்த முகவரியைக் கொடுத்தாலும் அதன் வகையைக் காட்டும். எங்கள் கோவிலைக் கொடுத்தேன். "நிர்வாணம்." பிழையென்று நினைத்தால் சரியான வகையைத் தெரிவுசெய்து காரணம் எழுதலாம். 'சமயம்' என்று தெரிவுசெய்தேன். "இது ஒரு இந்துக் கோவிலின் தளம்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

நாலு நிமிடத்தில் மறுமொழி. "உங்கள் கோரிக்கையை ஆராய்ந்தோம். தற்போதைய வகை சரியானது."

நாலு நிமிடம். எங்கள் கோவில் வீதியை ஒருதரம் சுற்றி வரவே அதைவிடக் கூட எடுக்கும். எதை ஆராய்ந்தீர்கள்? அதே இயந்திரத்திடம் "நீ செய்தது சரியா?" என்று கேட்டிருப்பார்கள். அது "ஓம்" என்றிருக்கும்.

கோபத்தில் போனில் இன்னொன்றையும் சோதித்துப் பார்த்தேன். சாட்டிக் கடற்கரையில் குளிக்கிறவர்களின் படங்கள் நிறைந்த ஒரு சுற்றுலாத் தளம். வகை: பயணம்.

14.09, ஞாயிறு

கோவில் நிர்வாகசபைக் கூட்டத்துக்கு இராசநாயகம் அங்கிள் என்னைக் கூப்பிட்டிருந்தார். மடப்பள்ளிக்குப் பக்கத்து மண்டபத்தில் ஏழெட்டுப் பேர். எல்லோரும், வழக்கம்போல், சட்டையில்லாமல். நான் தூணைப் பார்த்துக்கொண்டு, "உடுப்புக் குறைவு எண்டு ஒரு கொம்பனி எங்கட சைற்றைத் தடை செய்திருக்கு" என்றேன்.

"ஆருக்கு உடுப்புக் குறைவு?"

"எல்லாருக்கும்."

எல்லோரும் குனிந்து தங்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப சட்டை போட்டுக்கொண்டு சாமி தூக்கிறதோ?" என்று ஒருவர் எழும்பினார். "முருகனே சட்டை போடேல்லை. அவரையும் தடை செய்யச் சொல்லும்!"

"கொதிக்காதையுங்கோ. என்ர மருமோன் பாரிஸில கொம்பியூட்டரால படத்துக்குச் சட்டை போட்டுவிடுவான். ஒரு நிமிச வேலையாம்."

"என்ன நிறச் சட்டை?"

"வெள்ளை."

"வெள்ளை எண்டால் செத்தவீடு மாதிரி இருக்கும். மஞ்சள் போடட்டும்."

சட்டையின் நிறத்தைப் பற்றி அரை மணித்தியாலம் விவாதித்தார்கள். கைநீளமோ கட்டைக் கையோ என்பதில் இரண்டு கட்சி. கடைசியில் இராசநாயகம் அங்கிள் என்னைப் பார்த்து, "பிள்ளை, கந்தோரில திறக்காட்டி எங்களுக்கென்ன? ரொறன்ரோவில திறக்குது, அது காணும்" என்றார். எல்லோருக்கும் அது நல்ல முடிவாகப் பட்டது.

கந்தோரில் எனக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

17.09, புதன்

நானே கண்டுபிடிப்பது என்று தீர்மானித்தேன். ஞாயிறு இரவே படங்கள் எல்லாவற்றையும் தளத்திலிருந்து நீக்கிவிட்டு, திரும்பப் பார்க்கும்படி கொம்பனிக்கு எழுதியிருந்தேன். இன்று வகை: சமயம். படமில்லாத கோவில் சமயமாம்.

இனிப் படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஏற்றி, எதில் கவிழ்கிறது என்று பார்க்கப் போகிறேன். அவசரப்படாமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் பொறுமை எனக்கு இருக்கிறது. வாய்தான் இல்லை.

22.09, திங்கள்

கண்டுபிடித்தாயிற்று. சாமி தூக்குகிற படம் எல்லாம் போட்டும் 'சமயம்' என்றே இருந்தது. கூட்டம் சேர்ந்து நின்றால் பரவாயில்லைப்போலும். ஒரேயொரு படம். அதைப் போட்ட மறுநாளே முழுத் தளமும் 'நிர்வாணம்'. எடுத்தால் 'சமயம்'. போட்டால் திரும்பவும் அது.

அப்பாவின் படம். அபிஷேகத்தின்போது அம்புறோஸ் அண்ணை கிட்டப் போய் எடுத்தது. இடுப்புக்கு மேலே மட்டும்; பால் தெறித்து நனைந்த உடம்பு, கண் மூடியிருக்கிறது. மூலஸ்தானத்துக்குள் படம் எடுக்கக்கூடாது என்பதால் வாசலில், உற்சவ மூர்த்திக்குச் செய்யும்போது எடுத்தது. நாற்பதிலும் நல்ல படம் அதுதான். பூணூல்கூட வடிவாகத் தெரிகிறது. இயந்திரத்துக்குப் பூணூல் தெரியவில்லை. ஈரமும் தோலும் மூடிய கண்ணும் தெரிந்திருக்கிறது.

அந்தப் படத்தை நீக்கிவிட்டால் விஷயம் முடிந்தது. ஒரு அழுத்து.

நான் அழுத்தவில்லை.

23.09, செவ்வாய்

அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டா. சாயந்தரப் பூசை முடிந்து வந்து, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா கேட்டார்.

"என்ர படமோ பிள்ளை கரைச்சல் குடுக்குது?"

"ஓம் அப்பா."

"எடுத்துவிடன். நான் இல்லாட்டிலும் கோவில் இருக்கும்தானே."

"ஏலாது அப்பா" என்றேன். எனக்கே திடுக்கிட்டது. அப்பாவிடம் நான் ஏலாது என்று சொன்னதாக ஞாபகமில்லை.

அப்பா கோபப்படவில்லை. "உந்த மெசின் எங்க இருக்கு?"

"தெரியாது. வெளிநாட்டில."

"அங்க கடலில குளிக்கிற ஆம்பிளையள் சட்டை போட்டுக்கொண்டோ குளிக்கினம்?"

அம்மா குசினிக்குள் இருந்து சிரித்தா. இந்த மாதத்தில் முதல் தரம்.

பிறகு அப்பா தேத்தண்ணிப் பேணியைக் கீழே வைத்துவிட்டு, மற்றப் பக்கம் பார்த்தபடி, "உனக்குக் கந்தோரில கரைச்சலோ?" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை என்று தெரிந்தது. பரராசசிங்கம் சேரின் பெயரை நான் சொல்லவில்லை. சொன்னால், வெள்ளிக்கிழமை அவர் விபூதிக்குக் கை நீட்டும்போது அப்பாவுக்கு எப்படி இருக்கும்?

24.09, புதன்

மறுபடி எழுதினேன். அப்பாவின் படத்தைத் தளத்தில் வைத்துக்கொண்டே. பக்கத்தின் அடியில், மிகச் சின்ன எழுத்தில், "மனிதர் ஒருவர் பரிசீலிக்கவேண்டுமா?" என்று ஒரு தொடுப்பு இருந்தது. அதை ஏன் அடியில் ஒளித்து வைத்தார்கள் என்று தெரியவில்லை.

ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதும்போதுகூட இவ்வளவு தரம் வெட்டித் திருத்தியதில்லை. எங்கள் கோவில்களில் ஆண்கள் சட்டை கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், அது மரியாதை. உங்கள் இயந்திரத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தால், படத்துக்குக் கீழே 'அபிஷேகம்' என்று எழுதியிருப்பது விளங்கியிருக்கும். இந்தப் படத்தில் இருப்பவர் கடவுளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

கடைசி வசனத்தை எழுதி, வெட்டி, திரும்ப எழுதினேன்: இவர் என் தந்தை.

30.09, செவ்வாய்

மறுமொழி வந்தது. இந்த முறை நாலு நிமிடத்தில் இல்லை. ஆறு நாள் எடுத்திருக்கிறது. அதுவே ஆறுதலாயிருந்தது. "விளக்கத்துக்கு நன்றி. எங்கள் பிழை. உங்கள் தந்தையின் படத்தைப் பற்றி அவ்வாறு குறித்ததற்கு வருந்துகிறோம். வகை: சமயம்."

யாரோ ஒரு மனிதர். பெயர் போடவில்லை. ஆணோ பெண்ணோ தெரியாது. "உங்கள் தந்தை" என்று எழுதியிருக்கிறார்.

ஓடிப்போய்க் கந்தோரில் திறந்தேன். சிவப்பு! எங்கள் பெட்டி பழைய பட்டியலையே வைத்துக்கொண்டிருக்கிறது. சுஜிதன் வந்து புதுப்பிக்கவேண்டுமாம். திறந்து பார்த்தது மட்டும் உடனே பதிவாகியிருக்கும். அடுத்த மாத ரிப்போட்டில் இன்னுமொரு நாற்பது.

கோதாரி விழுந்த பெட்டி.

03.10, வெள்ளி

சுஜிதன் வந்து பெட்டியைப் புதுப்பித்தான். "வாங்கோ அக்கா, சேருக்குக் காட்டுவம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனான். நான் வாசலோடு நின்றேன்.

"சேர், உங்கட ரிப்போட்டில வந்த இருநூறும் இதுதான். கோவில் சைற். கொம்பனி பிழையா வகை போட்டு, இப்ப மன்னிப்பும் கேட்டிட்டாங்கள்." சேரின் கணினியிலேயே திறந்தான். முருகன் வந்தார், மயில் வந்தது. திருவிழாப் பக்கத்தைக் கீழே உருட்டிக்கொண்டு போனான். எட்டாம் திருவிழா.

எனக்குத் தெரியும் அது எங்கே இருக்கிறதென்று. நான்தானே ஏற்றினேன். மாதக் கூட்டம் நடந்த அன்றே தெரியும். அதைச் சொல்லித் தப்புவது பழிவாங்குவதுபோல் இருக்குமென்று சொல்லாமல் விட்டேன்.

"சேர், இது நீங்களெல்லோ!"

பட்டு வேட்டி, இடுப்பில் சுற்றிய சால்வை, தோளில் சாமி தூக்கும் வாகனக் கொம்பு, வேர்வை. சட்டை இல்லை.

"...ஓம்" என்றார் சேர்.

"வடிவா வந்திருக்கு சேர். அப்ப நீங்களும் ரெண்டு மாசம் தடை செய்யப்பட்ட ஆள்தான்."

"நீர் போய்த் தேத்தண்ணி குடியும் தம்பி."

சுஜிதன் போனான். சேர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த படம் அப்பா. அதையும் பார்த்தார். பிறகு என்னிடம், மெதுவாக, உண்மையிலேயே விளங்காதவர்போல:

"நீர் இதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை?"

வீட்டுக்கு வந்து தலையணைக்குள் முகத்தை வைத்துக் கத்தினேன்.

07.10, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரம். இன்று மாதக் கூட்டம், இரண்டு மணிக்கு. அதற்கு முன் எழுதிவிடவேண்டும்.

காலையில் சேர் கூப்பிட்டார். நல்ல முகமாக இருந்தார். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். "வியாழக்கிழமை வகுப்பை இனி நீரே எடும். நிருபனுக்குச் சொல்லிப்போட்டன். பிள்ளையளும் உம்மைத்தான் கேக்கினமாம். அந்த விஷயம் முடிஞ்சுது. இனி அதைப்பற்றி ஒருத்தரும் கதைக்கத் தேவையில்லை. சரியோ?"

"நன்றி சேர்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. எழும்பினேன். வாசல்வரைக்கும் வந்துவிட்டேன்.

வெளியே நிருபன் தன் மேசையில் குனிந்திருந்தார். அனோஜினி அக்கா யாருக்கோ கடிதம் தட்டிக்கொண்டிருந்தா. இவர்களுக்கு யார் சொல்வது? கொம்பனி எனக்கு எழுதியதை இவர்கள் வாசிக்கப் போவதில்லை. பெட்டி புதுப்பிக்கப்பட்டது ஒருவருக்கும் தெரியாது. குழாயடிக்கும் பஸ்ஸுக்கும் யார் எழுதிப்போடுவது? ஒருத்தரும் கதைக்கத் தேவையில்லை என்றால், அன்று கதைத்தது அப்படியே இருக்கும்.

திரும்பினேன். சேர் ஏற்கெனவே பேனையை எடுத்துவிட்டார்.

"சேர்."

"ம்?"

"ஒரு உதவி கேக்கவேணும்."

"கேளும்."

"அண்டைக்குக் கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால சொன்னனீங்கள். இண்டைக்கும் கூட்டம் இருக்கு. அது எங்கட கோவில் வெப்சைற் எண்டும், அதில ஒரு பிழையும் இல்லையெண்டும் எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ சேர். என்ர பேரைச் சொல்லியே சொல்லுங்கோ."